வண்டிப் பேச்சு: கூரைமேல் ஏறிய விளக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டியில் மாட்டுகிற எல்இடி விளக்கைப் பற்றித்தான். போனஸ் கைக்கு வந்ததும் எல்லாரும் ஒரே கடை வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள் போல. சரி, மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்கட்டும்.

*அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னாலேயே ஹைலக்ஸை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகவேண்டும். கூரைமேல் 300 வாட்ஸ் எல்இடி பார், அந்த நீளப் பட்டை விளக்கு, மாட்டினேன். மழையிலும் பனியிலும் முன்னைவிட மோசமாகத் தெரிகிறது. கடைக்காரர் இன்னும் பெரிய பார் போடச் சொல்கிறார். போடலாமா?*

போடாதீர்கள் தம்பி. இப்போது தெரிகிற வெள்ளைச் சுவர் இன்னும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். விளக்கு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, அதனால் பனித்துளியில் பட்ட வெளிச்சம் திரும்பி நேரே உங்கள் கண்ணுக்குத்தான் வருகிறது. அது போதாதென்று பானட்டிலும் பட்டு மின்னும், பக்கத்தில் ஒன்று பளபளவென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், அப்புறம் தூரத்தில் மாடு நின்றாலும் தெரியாது. அதே பாரைக் கழற்றி முன் பம்பருக்கோ புல்பாருக்கோ இறக்குங்கள். வெளிச்சம் போகிற பாதையும் கண் பார்க்கிற பாதையும் விலகிவிட்டால் பாதி தொல்லை அன்றைக்கே தீரும்.

மீதிப் பாதி நிறத்தில் இருக்கிறது. மலிவான பார் எல்லாம் 6000 கெல்வின், அதற்கும் மேலே, நீலம் தட்டின வெள்ளை. பனிக்கும் தூசிக்கும் 3000 கெல்வின் மஞ்சள்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். அப்புறம், ஒடுங்கி நீளமாகப் பாய்கிற ஸ்பாட் வெளிச்சம் நேரான சாலைக்குத்தான் லாயக்கு. இரண்டு பக்கமும் செம்பனை நிற்கிற, நாற்பது அடிக்கு ஒரு வளைவு வருகிற மண்பாதையில் அது தூரத்து மட்டையைக் காட்டும், பக்கத்து வடிகாலைக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது அகலமாக விரிகிற ஃபிளட்.

அந்த 300 வாட்ஸையும் நம்பிவிடாதீர்கள். 12 வோல்ட்டில் 300 வாட்ஸ் என்றால் 25 ஆம்ப். பெட்டிக்குள் சுருட்டிக் கொடுக்கிற அந்த நூல் மாதிரி வயரில் உண்மையிலேயே 25 ஆம்ப் ஓடினால் அது என்றைக்கோ உருகியிருக்கும். தெரிந்த வயர்மேனிடம் கிளாம்ப் மீட்டரை, அதாவது வயரைக் கவ்விப் பிடித்து ஆம்ப் அளக்கிற கருவியை வாங்கி, எஞ்சின் ஓடும்போது பிடித்துப் பாருங்கள். மீட்டர் 7 ஆம்ப் காட்டினால், பேட்டரியில் 14 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும் நூறு வாட்ஸ்கூட வராது. உள்ளே 100 சிப் இருக்கும், ஒவ்வொன்றும் 3 வாட்ஸ் தாங்கும் என்று பெருக்கி அட்டையில் அடித்துவிடுகிறார்கள்.

*டி-மேக்ஸில் இரண்டு விளக்கு போட்டேன். கடையில் பேட்டரியிலிருந்து நேராக ஸ்விட்சுக்கு வயர் இழுத்துக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் எரிந்தால் ஸ்விட்ச் சுடுகிறது. இது சரியா?*

இன்றைக்கே ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள், ஃபியூஸ் என்று ஒன்று வைத்திருந்தால். பல வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பட்டணத்துக் கடையில் மாட்டிக்கொண்டு வந்தவன்தான் நானும். ஒரு மழை இரவில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது, இருட்டில் பேட்டரி ஸ்பானரைத் தேடினேன் பாருங்கள், அந்த ஐந்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

முழு மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகப் போகவே கூடாது. அதற்குத்தான் ரிலே. ரிலேயின் 30ஆம் கால் பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 ஸ்விட்சுக்கு, 85 பாடி எர்த்துக்கு. ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், பாரத்தை ரிலே சுமக்கும். ஃபியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அதனால் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். விளக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும். மொத்தம் 10 ஆம்ப் இழுத்தால் 15 ஆம்ப் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். தகட்டில் ஓட்டை போட்டு வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடாதீர்கள், எஸ்டேட் ரோட்டுக் குலுக்கலில் அந்தத் தகடே கத்தியாகிவிடும். இன்னொன்று: ஸ்விட்சுக்கு வரும் மின்சாரத்தை ஹைபீம் வயரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எதிரே வண்டி வந்து நீங்கள் லைட்டைத் தாழ்த்தினால் இதுவும் தானாக அணையும்.

*என்னுடையது பழைய லேண்ட்ரோவர். ஹெட்லைட்டில் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்இடி பல்ப் போட்டதிலிருந்து எதிரே வருகிற லோரிக்காரர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். எனக்கோ நன்றாகத்தானே தெரிகிறது?*

அவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஹெட்லைட்டுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி முன்னால் அனுப்புகிற கிண்ணம், ஹாலஜன் பல்புக்குள் இருக்கிற மெல்லிய கம்பிச் சுருள் எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளிக்காகவே வளைத்துச் செய்தது. எல்இடி பல்பில் சிப்புகள் ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், வெளிச்சம் புறப்படும் இடமே மாறிவிடுகிறது. அதனால் பாதி தரையில் விழாமல் எதிராளி கண்ணில் விழுகிறது. வண்டி முன்னால் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நன்றாகத் தெரிகிறது என்கிறீர்கள், நூறு மீட்டருக்கு அப்பால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் வண்டிக்கு 7 அங்குல வட்ட விளக்கு, லென்ஸோடு முழுசாக எல்இடிக்கென்றே செய்தது கிடைக்கிறது. மாற்றினால் அப்படி மாற்றுங்கள். கண்ணைக் கூசவைக்கிற விளக்குக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் எழுதுகிறது, பாரையும் தார்ச்சாலையில் எரியவிடாதீர்கள். புஸ்பாகோம் சோதனை நிலையத்துக்கு வண்டி போகவேண்டியிருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு மாட்டுவது நல்லது, கழற்றி மாட்டுகிற கூலி மிச்சம்.

*விளக்கைப் போட்டால் மின்னல் எஃப்எம் இரைகிறது. அணைத்தால் பாட்டு வருகிறது. ஏன் அண்ணே?*

விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்குகிற சின்ன சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரக்கணக்கான தடவை விட்டு விட்டு இயங்குகிறது, மலிவான பாரில் அந்த இரைச்சலை வடிகட்டும் பாகத்தை மிச்சம் பிடித்துவிடுவார்கள். ஏரியல் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரியுங்கள், எர்த்தைச் சுரண்டி இறுக்குங்கள், விளக்கு வயரில் இரைச்சலை அடக்குகிற ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பாட்டா வெளிச்சமா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

*விளக்கில் ஐபி67, அதாவது தண்ணீர் புகாது என்று போட்டிருந்தும் ஆற்றைக் கடந்ததும் உள்ளே தண்ணீர். ஏமாற்று வேலையா?*

இருக்கலாம். ஆனால் சூடான விளக்கைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் லேசாகத் தளர்ந்திருந்தாலும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஐபி67 சோதனை ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், எரிந்து கொதித்துக்கொண்டிருக்கும் விளக்குக்கு இல்லை. இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள். பின்பக்கத்துத் தகடுகளில் சேறு அப்பினால் சூடு வெளியே போகாமல் சிப் சீக்கிரம் மங்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள்.

*அண்ணே, என் வீட்டுக்காரர் ஜிம்னியில் ஒன்பது விளக்கு மாட்டியிருக்கிறார். வண்டி போவது தமிழ்ப்பள்ளிக்கும் பசாருக்கும்தான். நீங்களாவது சொல்லுங்கள்.*

தங்கச்சி, 1997இலிருந்து நம் மலேசியக் காட்டில் நடந்துவருகிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் வண்டிப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் முன்னால் இரண்டு போதும். மீதி ஏழில் ஒன்றைப் பழைய 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், முசாங் (மரநாய்) வந்தால் தெரியும்.