புதுப் பெட்டியில் இருக்கிற ஸ்லைடையும் கழுவத்தான் வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தங்கச்சி உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறா, வீட்டுக்கு ஒரு நுணுக்குக்காட்டி (மைக்ரோஸ்கோப்) வாங்கியாயிற்று, அதில் பொருளை வைத்துப் பார்க்கிற கண்ணாடித் துண்டுகளான ஸ்லைட் பெட்டியில் ‘ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டது’ என்று அச்சடித்திருக்கிறது, அதையும் கழுவ வேண்டுமா, ஸ்பிரிட்டில் ஒரு துடை துடைத்தால் போதாதா? பிறகு, அண்ணா படித்த காலத்துப் பழைய ஸ்லைட்கள் புகை படிந்த மாதிரி இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

கழுவுங்கள். புதுசும் கழுவ வேண்டும். பெட்டியில் இருப்பது பொய் என்று சொல்லவில்லை, தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்டபோது சுத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஐம்பது கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று முகம் உரசிக்கொண்டு கப்பலில் வந்து, இங்கே ஏதோ ஒரு கடையின் மேல்தட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்து, பிறகு உங்கள் கைக்கு வருகின்றன. வெட்டிய ஓரத்தின் கண்ணாடித் தூள், பெட்டியின் தாள் தூசு, காற்றில் இருந்து படிந்த மெல்லிய எண்ணெய்ப் படை, எல்லாம் அதில் இருக்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 400 மடங்கில் பார்க்கும்போது தங்கச்சி அதையும் சேர்த்துப் படமாகக் கீறிக்கொண்டு வந்து நிற்பா.

நான் கொழும்பில் ஆய்வுகூட வேலை செய்கிறவள், இருபது வருடத்துக்கு மேலாகிறது. பயிற்சிக் காலத்தில் யானைக்கால் நோய்க்கான இரவு இரத்தப் படலங்களைப் பார்க்கப் பழக்கினார்கள். அந்த நோயின் புழுக்குஞ்சுகள் இரவில்தான் விரல் நுனி இரத்தத்துக்கு வரும், அதனால் இரவில் குத்தி எடுத்து, தடிப்பான படலமாக ஸ்லைடில் காயவைத்து, ஜிம்சா சாயம் போட்டுப் பார்ப்போம். ஒரு நாள் எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது. நீளமாக, வளைந்து, ஊதா நிறத்தில் சாயம் ஏறி, அப்படியே படத்தில் பார்த்த மாதிரி. ஓடிப்போய் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “பிள்ளை, புழு என்றால் உள்ளே தலையிலிருந்து வால் வரை கரு வரிசையாக இருக்கும். இதற்குள் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை. அது பஞ்சு நூல். காலையில் ஸ்லைடைத் துடைத்த துணியில் இருந்து வந்தது. உண்மையான புழுக்குஞ்சு ஏறத்தாழ 250 முதல் 300 மைக்ரோமீற்றர் நீளம், சிவப்பணு ஒன்றின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. என்னுடைய ‘புழு’ அதைப்போல இரண்டு மடங்கு தடிப்பாக இருந்தது. அளந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், ஆனால் சந்தோஷத்தில் யார் அளக்கிறார்கள். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த நாட்டில் மலேரியாவும் இல்லை, யானைக்கால் நோயும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று சான்றிதழ் தந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு மட்டும் அந்த நூல் ஞாபகம் வந்தது.

அதனால் என்னைக் கேட்டால், கழுவுவது பெரிய வித்தை இல்லை. கழுவின பிறகு எதால் துடைக்கிறீர்கள், எங்கே காயவைக்கிறீர்கள், எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

கழுவுகிற வேலையை முதலில் முடித்துவிடுவோம். ஒரு பிளாஸ்ரிக் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் சில துளி. கைக்கு மெதுமை தரும் கிரீம் சேர்த்த வகை வேண்டாம், அது பிசுக்கை எடுக்காமல் புதுப் பிசுக்கு வைத்துவிடும். ஸ்லைட்களைக் கட்டாகப் போடாமல் ஒவ்வொன்றாக விடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருப்பவை நனையவே நனையாது. அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்து, மெதுவான துணியால் இரண்டு பக்கமும் தேய்த்து, ஓடுகிற பைப் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அலசலில் கஞ்சத்தனம் வேண்டாம். சோப்பு மிச்சம் காரத்தன்மை உள்ளது, இரத்தப் படலத்தில் சாயம் நீலமாக இழுத்துக்கொண்டு போய்விடும். தங்கச்சி கொழும்பின் பேர வாவித் தண்ணீரில் ஒரு துளி எடுத்துப் பார்க்கப் போகிறா என்றால், நீந்துகிற சின்னச் சீவன்கள் சோப்பில் செத்துக் கிடக்கும், அவ நுணுக்குக்காட்டியைத் திட்டுவா.

கடைசி அலசல் காய்ச்சி வடித்த தண்ணீரில். பெற்றோல் செட்டில் பற்றரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்தப் போத்தல் போதும், ஆனால் லேபிளைப் பாருங்கள், பக்கத்தில் பற்றரி அசிட்டும் வைத்திருப்பார்கள். கொழும்பில் இந்தக் கடைசி அலசலைத் தவறவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, அம்பத்தளையில் சுத்திகரித்து வருகிற களனி ஆற்றுத் தண்ணீர் மென்தண்ணீர்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் கதை வேறு. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ஸ்லைடில் வட்டம் வட்டமாக நிற்கும்.

இனி ஸ்பிரிட். துடைத்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். விரல் பிசுக்குக்குப் போதும், கண்ணாடித் தூளுக்கும் உப்புக்கும் போதாது. அதனால் முதலில் சோப்பு, பிறகு ஸ்பிரிட். பார்மசியில் வாங்கும்போது வெறும் எதனோலா அல்லது ஐசோபுரொப்பைல் அல்ககோலா என்று பார்த்து வாங்குங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று வருகிற சிலவற்றில் தோலுக்கு இதமாக இருக்க ஆமணக்கு எண்ணெய் சேர்த்திருப்பார்கள், பிரித்தானிய முறைப்படி செய்வது அப்படித்தான். ஸ்பிரிட் ஆவியாகிப் போகும், எண்ணெய் கண்ணாடியில் நிற்கும். அதன் மேல் இரத்தத்தை இழுத்தால் படலம் முழுக்க வட்ட ஓட்டைகள். பழைய ஆட்கள் ஸ்லைடை ஸ்பிரிட் விளக்கின் சுவாலையில் ஒரு தரம் காட்டி எடுப்பார்கள், மிச்சப் பிசுக்கு எரிந்துபோகும். பக்ரீரியாப் படலத்துக்கு நல்ல முறைதான், ஆனால் ஸ்பிரிட் ஈரம் காயாத ஸ்லைடை நெருப்பில் காட்டாதீர்கள், தங்கச்சியைத் தனியாகவும் செய்ய விடாதீர்கள். குரோமிக் அசிட்டில் ஊறவைக்கச் சொல்லும் பழைய குறிப்பு எங்காவது கண்ணில் பட்டால், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள், வீட்டுப் பக்கமே வேண்டாம்.

துடைக்கிற துணிக்கு வருவோம். ரிஷ்யூ தாள் நார் விடும், பஞ்சு அதைவிட மோசம். எனக்குப் பிடித்தது அப்பாவின் பழைய வேட்டி. நூறு தரம் தோய்த்துத் தோய்த்து நார் எல்லாம் போய்விட்ட பருத்தி. பழைய சாரமும் சரிதான். ஒரே நிபந்தனை, கஞ்சி போட்டிருக்கக் கூடாது. கஞ்சி என்பது மாப்பொருள். தங்கச்சி உருளைக்கிழங்கை அயடீன் போட்டுப் பார்க்கிற அன்றைக்கு, கிழங்கே இல்லாத மூலையிலும் கருநீலம் தெரியும். பவுடர் போட்ட கையுறையும் அப்படித்தான், அந்தப் பவுடர் பெரும்பாலும் சோள மாதான்.

துடைப்பதே வேண்டாம் என்றால் சாய்த்து நிறுத்திக் காயவிடலாம். ஆனால் எங்கே? நான் வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மாடி வீட்டில் இருக்கிறேன். ஒரு தரம் பல்கனியில் காயவைத்தேன், நல்ல காற்று என்று. பிறகு பார்த்தால் ஸ்லைட் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டி வடிவங்கள். கடல் உப்பு! சாயந்தரம் ஈரம் கூடினதும் அதே பெட்டிகள் கரைந்து துளிகளாகிவிட்டன, மகன் அதைத்தான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், பாடத்தை விட்டுவிட்டு. கடற்கரைப் பக்கம் இருந்தால் அறைக்குள்ளேயே, மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காயவையுங்கள்.

சுத்தமா என்று பார்ப்பது சுலபம். ஸ்லைடின் மேல் வாயால் ஊதுங்கள். மூட்டம் ஒரே சீராகப் படிந்து ஒரே சீராகக் கலைந்தால் சரி, திட்டுத் திட்டாக நின்றால் திரும்பக் கழுவ வேண்டும். கொழும்பு வெக்கையில் மூட்டம் சரியாகப் பிடிக்காது, அப்போது ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவினால் சுத்தம், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் எண்ணெய்.

கவர் ஸ்லிப், அதாவது ஸ்லைடில் வைத்த பொருளின் மேல் மூடுகிற மெல்லிய கண்ணாடி, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உடையப்போவது அதுதான். ஸ்லைட் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, கவர் ஸ்லிப் வெறும் 0.17 மில்லிமீற்றர் அளவு. உங்கள் நுணுக்குக்காட்டியின் பொருள்வில்லையில் 0.17 என்று பொறித்திருந்தால் அது இந்தத் தடிப்பைத்தான் சொல்கிறது. தேய்க்காதீர்கள். ஸ்பிரிட்டில் நனைத்து, மடித்த துணிக்கு நடுவில் வைத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெதுவாக இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் அமத்தினால் படக்.

வைப்பது எப்படி என்றால், மலேரியா ஆய்வுகூடங்களுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிற முறையே வீட்டுக்கும் பொருந்தும்: பத்துப் பத்தாக மெல்லிய தாளில் சுற்றி, ஈரம் படாத இடத்தில். என்னிடம் பழைய பிஸ்கட் ரின் ஒன்று இருக்கிறது, அதற்குள் சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள். முன்பு நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்பை இரவு பகலாக எரியவிட்டிருப்பார்கள், வில்லையில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க. ஸ்லைட்களும் அதே அலுமாரியில்தான் இருக்கும்.

அண்ணாவின் ஸ்லைட்கள். புகை மாதிரி இருப்பது அழுக்கு என்றால் கழுவினால் போய்விடும். கழுவி ஸ்பிரிட் போட்ட பிறகும் போகவில்லை, அல்லது சரித்துப் பிடித்தால் நீலமாக, வானவில் மாதிரி மினுங்குகிறது என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது. இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் ஈரம் அகப்பட்டு வருடக்கணக்கில் நின்றால், கண்ணாடியில் உள்ள சோடியம் வெளியே வந்து மேற்பரப்பையே தின்றுவிடும், எந்தச் சோப்பாலும் திருப்ப முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பவற்றைக் கத்தி விட்டுப் பிரிக்காதீர்கள். சுடுதண்ணீரில் ஊறவைத்தும் விலகாவிட்டால் விட்டுவிடுங்கள். இரத்தமோ வேறு ஏதும் மனித மாதிரியோ போட்டுப் பார்த்தவை அந்தப் பெட்டிக்குள் இருந்தால் அவற்றைக் கழுவி மறுபடி பாவிக்கவே வேண்டாம், பிளீச்சில் ஊறவைத்து ஒதுக்குங்கள். ஒதுக்கினவற்றை அப்படியே குப்பைப் பையில் போடாமல், பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு பால்மா ரின்னுக்குள் அடைத்து, மேலே ‘கண்ணாடி’ என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள், காலையில் வருகிறவர்கள் கையால்தான் எடுப்பார்கள்.