ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் காரின் பின்பக்கம் ஏன் வாலாட்டுகிறது? பெரிய டயர் போட்டால் சரியாகுமா?

நீங்கள் கொடுத்த விவரம் இது: ஸ்விஃப்ட், 165/80 ஆர்14 டயர் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச்), நாலிலும் 30 பிஎஸ்ஐ காற்று. தனியாக ஓட்டினால் ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு போகும்போது 90, 100 வேகத்தில் லேன் மாறினால் பின்பக்கம் ஒரு கணம் தாமதமாக வந்து ஆடுகிறது.

பெரிய டயருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் காற்றைப் பாருங்கள். எடையைத் தாங்குவதில் ரப்பரின் பங்கு மிகக் குறைவு, தாங்குவது காற்று. 30 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. ஒரு டயர் மேல் 210 கிலோ இறங்கினால் அது தரையில் சுமார் 100 சதுர சென்டிமீட்டர் பதிந்து நிற்கும், ஓர் உள்ளங்கை அளவு. பிரேக், திருப்பம், வேகமெடுப்பது எல்லாமே இப்படி நாலு உள்ளங்கை வழியாகத்தான் நடக்கின்றன.

ரிம் காற்று மெத்தை மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். சைக்கிள் சக்கரத்தைப் பாருங்கள்: மெல்லிய ஸ்போக் கம்பி இழுவையைத்தான் தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். டயரின் பக்கச்சுவருக்குள் ஓடும் நூலிழைகளும் அப்படியே. காற்று அவற்றைச் சுற்றிலும் விறைப்பாக இழுத்து வைத்திருக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் பிதுங்குவதால் கீழ்நோக்கிய இழுப்பு தளர்கிறது, மேலே அது அப்படியே இருக்கிறது. அந்த வித்தியாசத்தில் ரிம் மேல்பக்கத்திலிருந்து தொங்குகிறது. காற்று குறைந்தால் அதே வித்தியாசத்தை உண்டாக்க அடிப்பகுதி இன்னும் அதிகமாகப் பிதுங்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கு. காலி வண்டி சுமார் 900 கிலோ, அதில் முன்பக்கம் 60 சதவீதம் என்று வையுங்கள். பின் டயர் ஒன்றுக்கு 180 கிலோ. ஐந்து பேர் 325 கிலோ, டிக்கியில் 75 கிலோ ஏற்றினால் அதில் பெரும்பகுதி பின்னால்தான் விழும். பின் டயர் ஒன்றுக்கு 330 கிலோவைத் தாண்டிவிடும். முன் டயரில் கூடுவது 40, 45 கிலோதான். பின் டயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமக்கிறது, உள்ளே அதே 30 காற்று. பதியும் இடத்தின் அகலம் பெரிதாகக் கூடாது, நீளம்தான் கூடும். அதாவது டயர் சப்பையாகும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது? ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் ரிம் திரும்பும், பக்கச்சுவர் முறுகும், தரையைப் பிடித்திருக்கும் பட்டன்கள், அதாவது டயரின் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் ரப்பர் கட்டிகள், பக்கவாட்டில் இழுபடும். டயர் பார்க்கும் திசைக்கும் உண்மையில் உருளும் திசைக்கும் சில டிகிரி வித்தியாசம் விழும். இதுதான் ஸ்லிப் ஆங்கிள். வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை இதிலிருந்துதான் பிறக்கிறது. முன் டயருக்கு இந்தக் கோணத்தை ஸ்டீயரிங் கொடுத்துவிடும். பின் டயருக்கோ, கார் உடலே கொஞ்சம் கோணலாகத் திரும்பிய பிறகுதான் கிடைக்கும். எடை ஏறி, காற்றும் பற்றாத பின் டயருக்குக் கோணம் அதிகமாக வேண்டும். அதனால் பின்பக்கம் கூடுதலாக வெளியே தள்ளும், நீங்கள் ஸ்டீயரிங்கை நேராக்கும்போது மறுபக்கம் வீசும். போதாக்குறைக்கு, எடை இரட்டிப்பானால் டயரின் பிடி இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் முழுச்சுமைக்குத் தனி வரிசை இருக்கும், அதில் பின் டயருக்கு எண் கூடுதலாக இருக்கும். பயணத்துக்கு முன் அதை வையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச எண்ணை இலக்காக வைக்காதீர்கள். அளப்பது காலையில், வண்டி ஓடும் முன். ஓடிய டயரில் 3 முதல் 5 பிஎஸ்ஐ வரை கூடித்தான் காட்டும். கூடிவிட்டது என்று இறக்கிவிட்டால் ஆறியதும் குறைந்து நிற்கும். பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று 2, 3 பிஎஸ்ஐ மாறும் என்பதால் சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வந்ததும் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் காலி வண்டி துள்ளும், டயர் நடுவில் தேயும். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

குறைந்த காற்றோடு சுமை ஏற்றினால் ஆட்டத்தைவிட மோசமானது சூடு. உங்கள் டயரின் வெளிச்சுற்று 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 100 கி.மீ. வேகத்தில் பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் விநாடிக்கு 14 முறை மடங்கி நிமிர்கிறது, மணிக்கு 50,000 முறை. மடிப்பு ஆழமானால் ரப்பர் சூடேறி அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். மே மாத மதியத்தில் நால்வழிச்சாலையில் வெடிக்கும் டயர்களில் பல இந்த வகைதான். 165/80 ஆர்14 85டி என்பதில் 85 என்றால் 515 கிலோ தாங்கும், டி என்றால் 190 கி.மீ. வேகம் வரை. அந்த 515 முழுக் காற்றுக்கான கணக்கு.

சரி, பெரிய டயர்? இதே காரின் உயர் மாடலில் 185/65 ஆர்15 வருகிறது. வெளி விட்டம் 620, 621 மில்லிமீட்டர் என்று ஏறக்குறைய ஒன்றே, அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 120 ஆகக் குறைவதால் திருப்பத்தில் விறைப்பு கூடும். ஆனால் அதே காற்று, அதே எடை என்றால் பதியும் பரப்பு கிட்டத்தட்ட அதேதான். அகலமாகவும் குட்டையாகவும் மாறும். பள்ளத்தில் இடித்தால் ரிம் சீக்கிரம் வளையும். 15 இன்ச் ரிம்மும் வாங்க வேண்டும். லோடு எண் 85க்குக் கீழே போகக் கூடாது. இதையும் தாண்டி அகலப்படுத்துவது அழகுக்கு மட்டும்தான் என்பது என் கருத்து.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதாக இருந்தால் புதியவை பின்னால் போகட்டும். முன்சக்கர இழுவை வண்டி என்பதால் கடையில் முன்னால் மாட்டச் சொல்வார்கள். மழையில் மொட்டை டயர் பின்னால் இருந்தால் பின்பக்கம் சுழலும், சாதாரண ஓட்டுநரால் மீட்க முடியாது. முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம்.

கடைக்குப் போகும் முன் உள்ளங்கையை டயர் மேல் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், முதலில் வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பப்பல் மாதிரியும் தட்டுப்பட்டால் அலைன்மென்டில் டோ, அதாவது சக்கரம் முன்னால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு 1.6 மி.மீ.; பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். பக்கச்சுவரில் கொப்பளம் தெரிந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது, அதற்குப் பஞ்சர் வைத்தியம் கிடையாது.

லக்கேஜில் கனமானதைப் பின் சீட்டோடு ஒட்டி, அடியில் வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வால் ஆடினால் டயரை விட்டுவிட்டு பின் ஷாக் அப்சார்பரையும் ஆக்ஸில் புஷ்ஷையும் (பின் அச்சை உடலோடு இணைக்கும் ரப்பர்) பார்க்கச் சொல்லுங்கள்.