16எஸ்-க்கு மேலே நிற்கும் பட்டை: எந்த மரபணு?

நண்பரே, உங்கள் ஈ.கோலை பாக்டீரியாவின் பிறழ்வு வகையில், ஆர்என்ஏக்களை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 16எஸ் என்னும் ரைபோசோம் ஆர்என்ஏவுக்குச் சற்று மேலே ஒரு பட்டை நிற்கிறது, ஆர்என்ஏஸ் 3 என்ற ஆர்என்ஏ வெட்டும் நொதியைத் தரும் ஆர்என்சி மரபணுவிலோ பிழை இல்லை என்கிறீர்கள். அங்கே இனித் தேட வேண்டாம். ஆர்என்ஏஸ் 3 பழுதானால், 16எஸ்ஸும் இன்னொரு ரைபோசோம் ஆர்என்ஏவான 23எஸ்ஸும் பிரியாத 30எஸ் முன்னோடி வெகு மேலே தெரியும். உங்களுடையது 16.3எஸ் என்னும் பாதி வெட்டப்பட்ட 16எஸ் போலிருக்கிறது: 5′ முனையில் (தொடக்க முனையில்) 66 நியூக்ளியோடைடு, அதாவது ஆர்என்ஏவின் அலகுகள், மிச்சம். அதை நறுக்குவது ஆர்என்ஏஸ் ஜி. ஆகவே அந்த நொதியைத் தரும் ஆர்என்ஜி மரபணுவைப் பாருங்கள். பழைய கட்டுரைகளில் சிஏஎஃப்ஏ என்றிருக்கும்.

முதலில் பிரைமர் நீட்டிப்பு (ஆர்என்ஏவின் 5′ முனை எங்கே என்று காட்டும் சோதனை) செய்து அந்த 66-ஐ உறுதிசெய்யுங்கள். பிறகு பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையம் வழியே ஆர்என்ஜி-யின் நல்ல பிரதியைக் கொடுங்கள். பட்டை இறங்கி 16எஸ்ஸோடு சேர்ந்தால்தான் நான் நம்புவேன். வரிசை ஒற்றுமை மட்டும் போதாது. ஆர்என்ஏஸ் ஈ என்ற வேறொரு நொதியின் முன்பாதியும் ஆர்என்ஏஸ் ஜி-யின் சாயலில்தான் இருக்கிறது.