ஒரு காது மட்டும் திடீர்னு அடைச்சிருக்கா, ஒரு வாரம் பார்க்கலாம்னு இருக்காதீங்க

கேள்வி: எனக்கு வயசு 41. நாலு நாள் முன்னாடி காலைல எந்திரிச்சப்ப வலது காது அடைச்ச மாதிரி இருந்துச்சு, கூடவே ஙொய்ங்னு ஒரு சத்தம். வலி இல்ல, சீழ் இல்ல. லேசா ஜலதோஷம் இருக்கு. குறும்பியாத்தான் இருக்கும், எண்ணெய் காய்ச்சி ஊத்துனு வீட்ல சொல்றாங்க. ஒரு வாரம் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகலாமா?

பதில்: வேண்டாங்க, இன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க. உங்க மெயில பார்த்ததுமே தனியா பதில் போட்டுட்டேன், இதே மாதிரி "பார்ப்போம் பார்ப்போம்"னு இருக்கறவங்களுக்காக இங்கயும் எழுதறேன்.

குறும்பியாவும் இருக்கலாம், சளியால செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கோர்த்தும் இருக்கலாம், இல்லைன்னு சொல்லல. அதெல்லாம் சத்தம் உள்ள போற வழியில இருக்கற அடைப்பு, பெரும்பாலும் சரி பண்ணிடலாம். என் பயமே உள்காது பத்திதான். அங்க இருக்கற ரொம்ப நுண்ணிய முடி செல்கள்தான் சத்தத்த நரம்புக்கு அனுப்புது, அது செத்துப்போனா திரும்ப முளைக்காது. வயசாகறது, வருஷக்கணக்கா தினம் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல சத்தத்துல வேலை பாக்கறது, ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் மாதிரி சில மருந்துங்க, இதெல்லாம் பொதுவா ரெண்டு காதையும் சேர்த்துதான் கெடுக்கும். உங்களுக்கு ஒரே காதுல, ராத்திரி படுத்து காலைல எந்திரிக்கறதுக்குள்ள வந்திருக்கு. இப்படி 3 நாளுக்குள்ள உள்காதோ நரம்போ பாதிச்சு கேக்கறது குறைஞ்சா அத அவசரமா பாக்கணும். ஏன் வந்துச்சுன்னு முக்கால்வாசி பேருக்கு கண்டுபிடிக்கவே முடியாது, ஆனா ஸ்டீராய்டு மருந்து உண்டு, முதல் 2 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் அதுக்குப் பலன் அதிகம். சிலருக்கு தானாவும் சரியாகும், அந்த சிலர்ல நீங்களும் ஒருத்தர்னு நம்பி உக்காந்திருக்க முடியாதில்ல.

வாய மூடிட்டு "ம்ம்ம்"னு முனகிப் பாருங்க. அடைச்ச காதுலயே சத்தம் பெருசா கேட்டா அடைப்பா இருக்க வாய்ப்பு அதிகம், நல்ல காதுப் பக்கம் போனா உள்காது மேல சந்தேகம் வரும். டாக்டர் இசைக்கவைய (தட்டினா அதிர்ந்து சத்தம் வர்ற, கவை மாதிரி இருக்கற உலோகக் கருவி) நெத்தியில வெச்சுப் பாக்கறதும் இதுக்குத்தான். ஆனா முனகல்ல நல்ல ரிசல்ட் வந்துச்சுன்னு வீட்லயே இருந்துடாதீங்க.

எண்ணெய் வேண்டவே வேண்டாம், செவிப்பறைல ஓட்டை இருந்தா நேரா நடுக்காதுக்குள்ள போயிடும். பட்ஸ் போட்டா குறும்பி இன்னும் உள்ளதான் போகும்.

டாக்டர்கிட்ட போனதும் "அடைச்சிருக்கு"ன்னு மட்டும் சொன்னா சளி மாத்திரை குடுத்து அனுப்பிடற ஆபத்து இருக்கு, அதனால என்னைக்கு, எப்படி வந்துச்சுன்னு தெளிவா சொல்லுங்க, குறும்பி எடுத்தப்பறமும் கேக்கலைன்னா ஆடியோகிராம் (எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற டெஸ்ட்) எடுக்கச் சொல்லிக் கேளுங்க. பின்னாடி எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா பதறாதீங்க, கேக்கற நரம்புல கட்டி ஏதும் இருக்கான்னு பாக்கறதுக்கு, ரொம்பப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா வாய் கோணுறது, பேச்சு குழறுறது, கை கால் மரத்துப்போறதுன்னு ஏதாவது கூட சேர்ந்துச்சுன்னா காது டாக்டர தேடாம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க, அது பக்கவாதமா இருக்கலாம்.

சுகர் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க, ஸ்டீராய்டு சுகர ஏத்திவிடும். இப்ப சாப்பிடற மாத்திரை சீட்டையும் கையோட கொண்டு போங்க.