ஆஸ்திரேலிய ஃபுட்டியைச் சிறு வயதிலிருந்து பார்ப்பவருக்கு அதில் எது பிடிக்கவில்லை?

கேள்வி: நீங்கள் சின்ன வயதிலிருந்து விடாமல் பார்த்துவரும் விளையாட்டு எது? அதில் உங்களை அதிகம் நோகடிப்பது எது?

பதில்: ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். மெல்பர்னில் யாரும் இப்படி முழுப் பெயர் சொல்ல மாட்டார்கள், ஃபுட்டி என்றால் போதும். நான் வளர்ந்தது நகரத்தின் மேற்குப் பக்கம். அதனால் என் அணி ஃபுட்ஸ்க்ரே, இப்போதைய பெயரில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ்.

தோற்பது என்னை நோகடிப்பதில்லை. 1954-இல் கோப்பை வென்ற எங்கள் கிளப் அடுத்த கோப்பைக்கு 2016 வரை காத்திருந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்தவர்களுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியும். எனக்குத் தாங்காதது, லீக்கை நடத்துகிறவர்கள் ஆட்டத்தைச் சும்மா விடாமல் நோண்டிக்கொண்டே இருப்பதுதான்.

பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1 புள்ளி. உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம். ஒருவர் தோள்மேல் முழங்காலை ஊன்றி இன்னொருவர் எழும்பி மார்க் பிடிப்பதை நேரில் ஒருமுறை பார்த்தால் போதும், இந்த ஆட்டத்தை விடமாட்டீர்கள்.

சரி, விதிகளுக்கு வருகிறேன். ஆட்டத்தின் உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. பந்தை வைத்திருப்பவரை எதிராளி மடக்கிப் பிடித்தால், அவர் பந்தை முறையாக உதைத்தோ குத்தியோ அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பந்து எதிரணிக்கு. மடக்கியதுமே கூட்டம் மொத்தமும் "பா...ல்!" என்று கத்தும். ஆனால் பந்து வந்து சேர்ந்த நொடியிலேயே பிடிபட்டவருக்குச் சலுகை உண்டு. எத்தனை நொடி என்பது அம்பயர் கையில். அந்த நொடிக் கணக்கை இறுக்குவதும் தளர்த்துவதுமாகவே என் காலம் போயிருக்கிறது. 2024-இல் அதை சீசன் நடுவிலேயே இறுக்கினார்கள். மே மாதம் வரை ஒரு மாதிரி, ஜூனிலிருந்து வேறு மாதிரி. ஏப்ரலில் அந்த விசில் வராமல் தோற்ற அணிக்கு என்ன பதில்?

2021-இல் இன்னொன்று வந்தது. மார்க் பிடித்தவருக்கு எதிரே நிற்பவர் அசையக் கூடாது. அம்பயர் "ஸ்டாண்ட்!" என்று கத்தியதும் சிலைபோல் நிற்க வேண்டும், ஒரு அடி நகர்ந்தால் 50 மீட்டர் தண்டனை. அதற்கு முன்பு கையை விரித்து, பக்கவாட்டில் ஆடி, உதைப்பவரைக் குழப்புவது ஒரு திறமையாக இருந்தது. கோல் கூட வேண்டும், ஆட்டம் வேகமாக ஓட வேண்டும் என்று அதை ஒரே கையெழுத்தில் எடுத்துவிட்டார்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை ஆட்களை மாற்றலாம் என்பதும் 2014-இல் 120, 2016-இல் 90, 2021-இல் 75. 2026-இலிருந்து நடுவட்டத்தில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து எழுப்பும் வழக்கமும் போயாச்சு, இனி அம்பயர் மேலே எறிவார். கடினமான வேலை, பந்து கோணலாக எழும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஆட்டம் தொடங்கும் அந்த அடிக்காக மொத்த மைதானமும் எழுந்து இரைவதைக் கேட்டவர்கள், அதை ஒரு தொழில்நுட்பக் கோளாறுபோல் பேச மாட்டார்கள்.

டாக்லாண்ட்ஸ் மைதானத்தில் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி வயதான பெண்மணி ஒருவர் உட்காருவார். சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் கையால் பின்னிய ஸ்கார்ஃப், மடியில் தெர்மாஸ், ஒரு காதில் மட்டும் ரேடியோ. ரேடியோ எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். விசில் எதற்கு ஊதினார்கள் என்று வர்ணனையாளர் சொன்னால்தான் தெரிகிறது என்றார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஃபுட்டி பார்க்கிறவர் அவர். நேரில் வந்து உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டத்தைப் புரியவைக்க ரேடியோ வேண்டும் என்றால், தவறு அவரிடம் இல்லை.

அடுத்தது அட்டவணை. 18 அணிகள், ஆளுக்கு 23 ஆட்டம். மற்ற 17 அணிகளோடு ஒவ்வொன்று போக, மீதி 6 ஆட்டம் யாரோடு என்பதை லீக்கே தீர்மானிக்கும். கூட்டம் சேரும் ஜோடிகளுக்கு அதில் தனி இடம். ஒரு அணிக்கு அந்த ஆறில் பலவீனமானவர்கள் அமைவார்கள், இன்னொன்றுக்கு வலுவானவர்கள். அப்புறம் இரண்டையும் ஒரே புள்ளிப் பட்டியலில் வைத்து ஒப்பிடுவார்கள். பெர்த் அணிகளின் பாடு இதைவிட மோசம். மெல்பர்னுக்கு வர நான்கு மணி நேர விமானப் பயணம், சீசன் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்காவது பறந்தாக வேண்டும்.

இதைச் சொல்லும்போது எங்கள் கோப்பையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016-இல் பட்டியலில் முதலிடம் சிட்னி, நாங்கள் ஏழாவது. ஆனால் இறுதிப் போட்டி மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்சிஜியில், எங்கள் ஊரில். கொரோனா காலத்து 2020, 2021 தவிர இப்போதெல்லாம் இறுதிப் போட்டி அங்கேதான், 2059 வரைக்கும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அன்று 22 புள்ளியில் ஜெயித்தோம், சைரன் ஒலித்தபோது நான் வாய்விட்டு அழுதேன். அப்போது பட்டியலின் முதல் எட்டு அணிகள் இறுதிச் சுற்றில் மோதும்; அதில் எங்கள் பையன்கள் பெர்த்திலும் சிட்னியிலும் போய் ஜெயித்துத்தான் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள், அந்தக் கோப்பை முழுக்க அவர்கள் உழைப்பு. ஆனால் 22 வாரம் ஆடி முதலிடம் பிடித்த அணி, முக்கியமான நாளில் எதிரணியின் ஊருக்குப் போக வேண்டியிருந்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. அதே ஏற்பாட்டை இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் எழுதிவைத்திருப்பது கொஞ்சமும் நியாயமில்லை.

பிழை நடந்தால் திருத்த வழி இருக்கிறதா என்றால், 2012 முதல் வீடியோ பரிசீலனை உண்டு. 2023-இல் அடிலெய்டின் பென் கீஸ் ஆட்டம் முடியும் தறுவாயில் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது என்று 1 புள்ளிதான் கொடுத்தார்கள். படவில்லை, அது 6 புள்ளி. வீடியோவைப் பார்க்கவே யாரும் கேட்கவில்லை, சிட்னி ஒரு புள்ளியில் ஜெயித்தது. மறுநாள் லீக் தவறை ஒப்புக்கொண்டது, முடிவு மட்டும் மாறவில்லை. அடிலெய்டு இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை.

விதியை சீசன் நடுவில் திருத்தத் தெரிந்த இதே அமைப்பு, ஆடம் குட்ஸ் விஷயத்தில் எவ்வளவு தாமதித்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. பூர்வகுடி ஆட்டக்காரர், இரண்டு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வென்றவர். 2015-இல் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு விரட்டினார்கள். வீட்டில் தொலைக்காட்சியில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த ஆண்டோடு குட்ஸ் விலகினார். லீக்கும் 18 கிளப்புகளும் முழுதாக மன்னிப்புக் கேட்டது 2019-இல்.

சூதாட்ட விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாண்டுக்குள் இணையச் சூதாட்ட விளம்பரங்களை அறவே நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றக் குழு 2023-இலேயே அறிக்கை கொடுத்தது. இன்னும் பத்து வயதுப் பிள்ளைகள் அணியின் ஃபார்மைச் சொல்லும்போதே பந்தய விகிதத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

1989-இல் லீக் எங்கள் கிளப்பை ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு மெல்பர்ன் கிளப்போடு இணைத்துவிட முடிவெடுத்தது. மேற்குப் பக்கத்து ஜனங்கள் வீடு வீடாகப் போய், ரயில் நிலையத்தில் வாளியேந்தி, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கிளப்பை மீட்டார்கள். ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 1996-இல் பிரிஸ்பேனோடு சேர்த்துவிட்டார்கள். அப்படிக் காசு போட்டுக் காப்பாற்றியவர்களிடம் இன்று ஆட்ட நேரத்தைக்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை. பின்பாதி ஆட்டங்கள் எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதெல்லாம் தொலைக்காட்சியின் வசதி பார்த்துச் சில வாரங்களுக்கு முன்புதான் வரும். ஷிஃப்ட் வேலை செய்கிறவர் லீவு கேட்பது எப்படி, வெளியூரிலிருந்து வருகிறவர் டிக்கெட் போடுவது எப்படி?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விதியை மாற்றுவதென்றால் அக்டோபரில் அறிவியுங்கள், மார்ச்சில் அமலாக்குங்கள், செப்டம்பரில் இறுதிப் போட்டி முடியும்வரை அதைத் தொடாதீர்கள். 23 ஆட்டத்துக்கும் நாளையும் நேரத்தையும் சீசன் தொடங்கும் முன்பே அச்சடித்துக் கொடுங்கள்.