இத்தாலி டிவியில உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச காமெடியன், தொகுப்பாளர் யாரு? ஏன்?

ரைமோந்தோ வியானெல்லோ. யோசிக்கவே வேணாம்.

இத்தாலி டிவின்னாலே ஒரே கூச்சல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா இவர் நெடுநெடுன்னு கோட் சூட்ல நின்னுக்கிட்டு முகத்துல ஒரு அசைவும் இல்லாம ஒரே ஒரு வரி சொல்லுவார், எதிர்ல இருக்கிறவர் காலி.

1922ல ரோம்ல பொறந்தவர், சட்டம் படிச்சவர். 1954ல இத்தாலி அரசு டிவியான ராய் ஆரம்பிச்ச வருஷமே நடிகர் உகோ தோன்யாட்ஸியோட சேர்ந்து 'உன் துவே த்ரே'ன்னு ஷோ பண்ணி செம ஹிட். 1959ல நடந்தது தான் மேட்டரே. பிரான்ஸ் அதிபர் டிகால் வந்திருந்தப்போ மிலான் லா ஸ்காலா தியேட்டர்ல இத்தாலி ஜனாதிபதி க்ரோங்கி சேர்ல உக்காரப் போய் கீழ விழுந்துட்டார், அதைப் பத்தி வாய் திறக்க எல்லாரும் தயங்கினப்போ இவங்க ரெண்டு பேரும் லைவ்லயே தோன்யாட்ஸி சேர்ல இருந்து விழற மாதிரி பண்ண, வியானெல்லோ அவரைப் பாத்து "நீ பெரிய இவன்னு நினைப்பா?"ங்கிற மாதிரி கேட்டார். ஷோ க்ளோஸ். அப்போ நாட்டுல இருந்ததே ஒரு சேனல் தான், அதுல போய் ஜனாதிபதியையே கலாய்க்க எவ்ளோ தைரியம் வேணும் பாருங்க.

1962ல நடிகை சாந்த்ரா மொந்தாய்னியைக் கல்யாணம் பண்ணார், அப்புறம் வாழ்க்கை முழுக்க திரையிலயும் ஜோடி அவங்கதான். 80கள்ல தொழிலதிபர் பெர்லுஸ்கோனியோட தனியார் சேனலுக்கு மாறி, 1988ல 'காசா வியானெல்லோ' தொடங்கினாங்க, 2007 வரை 300 எபிசோடுக்கு மேல ஓடுச்சு. கதை எப்பவும் ஒண்ணுதான், இவர் யாரோ ஒரு பொண்ணுகிட்ட வழிவார், சாந்த்ரா கண்டுபிடிச்சிடுவாங்க, கடைசில ரெண்டு பேரும் கட்டில்ல, இவர் அந்த ரோஸ் கலர் ஸ்போர்ட்ஸ் பேப்பரை விரிச்சுப் படிப்பார், அந்தம்மா "ச்சே, ஒரே போர், ஒரே போர்"னு போர்வைக்குள்ள காலை உதறுவாங்க, இவர் பேப்பர்ல இருந்து கண்ணையே எடுக்க மாட்டார். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சிரிப்பு வருது, ஏன்னா உதைக்கிற அவங்களை விட அசையாத இவர்தான் அங்க அதிகம் நடிக்கிறார்.

இடையில 'ப்ரெஸ்ஸிங்'னு ஃபுட்பால் ஷோ வேற, 90கள்ல பல வருஷம் நடத்தினார், நிஜமாவே ஃபுட்பால் பைத்தியம் அவர். 1998ல 75 வயசுல சான்ரெமோ பாட்டு விழாவையே தொகுத்து வழங்கினார்! 2010 ஏப்ரல்ல போயிட்டார், அதே செப்டம்பர்ல சாந்த்ராவும்.

இத்தாலியன் தெரியாதவங்க முதல்ல அந்தக் கட்டில் சீன்களைப் பாருங்க, பாஷையே வேண்டாம், புரிஞ்சிடும்.