இன்டீரியர் டிசைனில் ஈரப் பகுதி, உலர் பகுதி என்று பிரிப்பது ஏன்?

ஸ்பாவில் குளியல், நீராவி அறை, குளம் எல்லாம் ஒரு பக்கம். மசாஜ், ஓய்வு அறைகள் மறுபக்கம். பிரிப்பு என்பது அவ்வளவுதான்.

தண்ணீரைவிட நீராவிதான் பெரிய தொல்லை. சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டால் நீராகும், பிறகு பூஞ்சை. மொரிஷியஸில் மழை ஊரான கியூர்பிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மழை விடாத நாட்களில் அலமாரிச் சட்டையின் காலரிலேயே பூத்துவிடும். இந்த ஈரக்காற்று உலர் பகுதிக்குப் போகாமல் தடுக்கத்தான் பிரிப்பு. மீன் குழம்பு வாசம் சாமி அறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறோமே, அதே கணக்கு.

நீராவி அறைக் கூரையைச் சாய்வாக அமைப்பதும் நீராவி இப்படி நீராவதால்தான்: துளி தலையில் சொட்டாமல் சுவரோரம் வழியும். வீட்டுக் குளியலறைக்கு வெளியேற்று விசிறியும் வழுக்காத டைலும் அதன் அடியில் வாட்டர்ப்ரூஃப் பூச்சும் போதும்.

டைல் ஒட்டினால் ஈரம் இறங்காது என்று பலர் நம்புகிறார்கள். டைல் இடுக்கு வழியே இறங்கும், தடுப்பது அடியில் பூசும் வாட்டர்ப்ரூஃப் பூச்சுதான்.